மரவாழை மொட்டு உதிர்வது குறித்து, மகனுக்கு

மகனே,

உன் அம்மா பெயருக்கு நீ எழுதிய இன்லண்ட் கடிதம் போன வாரம் வந்தது. அடுத்தவர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பது என் பழக்கமில்லை. நீ டெல்லிக்குப் போன இந்த ஐந்தாறு வருடங்களில் வீட்டுக்கு எழுதிய எந்தக் கடிதத்தையும் நான் படித்ததில்லை. தபால்காரர் என் கையில் கொடுத்தாலும் அப்படியே சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவேன். இதை மட்டும் நான்தான் பிரித்தேன், நான்தான் படித்தேன், பதிலும் நான்தான் எழுதுகிறேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வைத்திருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. உன் அம்மாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு, பேச்சும் நின்று, இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. உயிருக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை என்கிறார் மதுரை டாக்டர். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்றும் அவரேதான் சொன்னார். உனக்கு நான் இதுவரை தெரிவிக்கவில்லை. ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்பாய். அதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

நீ கேட்டிருந்தது மொட்டைப் பற்றி. "அம்மா, நீ குடுத்துவிட்ட மரவாழையில இந்தத் தடவைதான் மொட்டு வந்திருக்கு. ஒரே தண்டுல ஏழு. நேத்து ரெண்டு மஞ்சளாகி விழுந்துருச்சு. இங்க குளிர் ஜாஸ்தி. மிச்சத்தையாவது காப்பாத்தணும், என்ன செய்யணும்னு வெரசா எழுது." அவ்வளவுதான் கடிதம். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. ஒட்டுவதற்கு மடிக்கிற ஓரத்தில் எழுதியிருப்பாயோ என்று அங்கேயும் பார்த்தேன். இல்லை. சரி, நானும் உனக்கு எழுதியவன் இல்லை. மரவாழை என்பது மலையில் நம் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த மலையாளத்துப் பெண்கள் சொன்ன பெயர், உன் அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். நான் கல்லூரியில் ஆர்க்கிட் என்று படித்தேன். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் தொண்டை. அதற்குச் சரியான லத்தீன் பெயர் என்ன என்று ஒரு நாள் அவள் கேட்டபோது தாவர இயல் பட்டதாரியான எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பேரு தெரிஞ்சு என்ன செய்யப்போற?" என்று எரிந்து விழுந்தது நினைவிருக்கிறது.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். செடி இருக்கும் அறைக்குள் கரி அடுப்பு மூட்டாதே. அங்கே குளிருக்கு இரும்பு வாளியில் கரி போட்டு அறைக்குள் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் புகை மொட்டுக்கு ஆகாது, உனக்கும் ஆகாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் வேறு பக்கம் வைத்துக்கொள். ஜன்னல் கண்ணாடியில் சந்து இருந்தால் பழைய துணியைச் சுருட்டி அடை. குளிரைக்கூட இந்தச் செடி தாங்கும், சந்து வழியாக ஒரே இடத்தில் அடிக்கிற காற்றைத் தாங்காது. காலையில் குழாயில் வரும் தண்ணீரை அப்படியே ஊற்றாதே. முந்தின நாளே ஒரு சொம்பில் பிடித்து அறைக்குள் வைத்திருந்து, வெயில் ஏறிய பிறகு ஊற்று. குருத்துக்குள் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் முழுகாத அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதன் மேல் சட்டியை வை. அறைக் காற்று வறண்டுபோனாலும் மொட்டு மஞ்சளாகும். உரம் ஏதும் போடாதே, சட்டி மாற்றாதே. இவ்வளவும் புத்தகத்தில் படித்தது. உன் அம்மா ஐந்தாவது வரை படித்தவள். அவளுடைய ஜன்னலில் மார்கழி முழுக்க ஒரு மொட்டுகூட விழாது என்பதைப் பத்து வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அவள் என்ன செய்தாள் என்று மட்டும் பார்க்கவில்லை.

அதனால் அவளிடமே கேட்டு எழுதலாம் என்று உன் கடிதத்தைக் கட்டிலருகே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அப்பு எழுதியிருக்கான் என்றதும் இடது கை போர்வையை விட்டு வெளியே வந்தது. நான் சொல்வது அவளுக்குப் புரிகிறதா என்று டாக்டருக்கே தெரியாது. புரியும் என்று வைத்துக்கொண்டு, ஆமாம் என்றால் கண்ணை மூடு, இல்லை என்றால் மூடாதே என்றேன். "தண்ணி தினமும் ஊத்துவியா?" மூடினாள். "ரெண்டு நாளைக்கு ஒருக்கவா?" அதற்கும் மூடினாள். "ஊத்தவே மாட்டியா?" அதற்கும். பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் மூடினாள். எல்லா மனிதரும் இமைப்பதைப் போல அவளும் இமைக்கிறாள் என்று எனக்கு உறைக்க இவ்வளவு நேரம் ஆனது. "அவன் ஒன்னையத்தான கேக்குறான், எனக்கு என்னடி தெரியும்?" என்று கத்திவிட்டேன். பேச்சில்லாத ஒருத்தியிடம் கத்தினேன். அவளுடைய ஒரு கண்ணிலிருந்து நீர் வடிந்தது. இந்த நோயில் அந்தக் கண் தானாகவே வடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு துடைத்துவிட்டேன்.

கார்த்திகையில் மலை வீட்டில்தான் நடந்தது. கடைசி எடுப்பு ஏலக்காய் ஸ்டோர்க் கொட்டகையில் அடுப்புச் சூட்டில் உலர்ந்துகொண்டிருந்தது, நான் தோட்டத்தின் மேல் கோடியில் நின்றிருந்தேன். காய் பொறுக்கும் பெண்களுக்குத் தலைவியான சின்னத்தாயியை உனக்குத் தெரியும். அவள்தான் ஏதோ கேட்கப் போய், ஜன்னலடியில் குவளையோடு சரிந்து கிடந்தவளைப் பார்த்திருக்கிறாள். காய் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அதே ஜீப்பில் போடிக்குக் கொண்டுவந்தோம், அங்கிருந்து மதுரை. பதினைந்து நாள் ஆஸ்பத்திரி. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொன்னபோது, டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டுமென்று போடி வீட்டிலேயே தங்கிவிட்டேன். காலையில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உடம்பு துடைத்து சேலை மாற்றிவிடுகிறார். கஞ்சி நான் ஊட்டுகிறேன். வாயின் ஒரு பக்கம் வழிந்துவிடும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு உன் பெரியப்பா வந்தார். எண்பத்து மூன்றில் மழை பொய்த்து மலையில் ஏலம் கருகியபோது, கீழே ராசிங்காபுரத்துக் கிணற்று வயலில் எனக்கும் பங்கு உண்டு என்று நான் போய் நின்றதும், "மலை ஒனக்கு, வயல் எனக்குன்னு அப்பா சொல்லிட்டுத்தான் போனாக" என்று அவர் கையை விரித்ததும் உனக்குத் தெரியும். அந்தப் பங்கைப் பேசக் கூடிய கூட்டத்தில் நீ எழுந்து, "நீங்களும் அப்பத் தலையாட்டுனீங்கதானப்பா?" என்று கேட்டாய். தலையாட்டியது உண்மை. மேலே படிக்க இடம் கிடைத்திருந்த என்னை, "படிச்சது போதும், மலைக்கு ஆள் வேணும்" என்று அண்ணன் மலைக்கு அனுப்பியபோதும் தலையாட்டியவன்தான். தலையாட்டிய காலத்திலெல்லாம் உள்ளே என்ன எரிந்தது என்று என் மகனாவது கேட்பான் என்று நினைத்திருந்தேன். நீ நியாயம் கேட்டாய். இனி என் வீட்டுப் படி ஏறாதே என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். நீ அப்படியே செய்தாய். ஊருக்கு வந்தாலும் நான் மலைக்கு ஏறிய பிறகு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, நான் இறங்குமுன் ரயிலேறிவிடுவாய். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "பயலுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். அவர் கேட்ட தோரணையில் எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனைக்கும் அப்போது என் சட்டைப்பையில் உன் விலாசம் எழுதிய காகிதம் இருந்தது. தெரிவிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாகத் தடவிக்கொண்டிருந்தேன். "சொல்லியாச்சு. லீவு கெடைக்கலையாம்" என்றேன். வாயிலிருந்து அப்படி வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்க அரை நிமிடம் இருந்தது, எடுக்கவில்லை. அவர் உச்சுக்கொட்டிக்கொண்டு, "நல்லாப் பெத்த போ" என்றார். அன்றிலிருந்து பார்க்க வருகிற சனமெல்லாம் உன்னைப் பழிக்கிறது. தேவாரம் ஊரிலிருந்து வந்த உன் சித்தி, பெற்ற தாயைவிட உத்தியோகம் பெரிதாகிவிட்டதா என்று மூக்கைச் சிந்தினாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு மூன்று பேர் அப்படிப் பேசியபோது எனக்கு இதமாகக்கூட இருந்தது. இவ்வளவு நாள் நான் ஒருவனே உன்மேல் மனத்தாங்கல் வைத்திருந்தேன், இப்போது துணைக்கு ஆள் வந்ததுபோல. பிறகு பயமாகிவிட்டது. உனக்கு எழுதினால் நீ வருவாய், வந்தால் பொய் வெளிப்படும். நாள் ஆக ஆக எழுதுவது இன்னும் கஷ்டமானது. இதுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் ஏதாவது அகப்படுமா என்று நானும் தேடிப் பார்த்தேன்.

அந்தப் பொய்யைச் சொன்னபோது உன் அம்மா கண் திறந்து படுத்திருந்தாள்.

இனி ஒன்றை எழுத வேண்டும், இது பழையது. நீ பத்தாவது எழுதிய வருடம். மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கவாத்து நடக்கும், ஆட்கள் மேலேறிக் கிளைகளை வெட்டித் தள்ளுவார்கள். ஏலச் செடிக்கு வெளிச்சம் கிடைக்க அது வேண்டும். வெட்டி விழுகிற கிளைகளில் மரவாழை ஒட்டிக்கொண்டு வரும். நீயும் அம்மாவும் கூடையோடு பின்னாலேயே போய் அவற்றைப் பிய்த்தெடுத்து, பாசியும் கரித்துண்டும் வைத்துப் பழைய மூங்கில் கூடைகளில் கட்டுவீர்கள். அந்த வருடம் முப்பதுக்கு மேல் சேர்ந்திருந்தது. பரீட்சைக்குப் படிக்காமல் செடி பொறுக்குகிறான் என்று எனக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் அதுவல்ல. தாவர இயல் படித்தவன் நான், ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு, "இந்த இலை ஏம்மா தடிச்சிருக்கு?" என்று நீ அவளிடம்தான் கேட்டாய். அவள், "வெயில்ல தண்ணியச் சேத்து வைக்கத்தான்டா அப்பு" என்றாள். சரியான பதில். நான் நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். மறுநாள் நீங்கள் இருவரும் போடிக்கு இறங்கியபோது, ஸ்டோர் அடுப்புக்கு விறகு தள்ளும் ஆளிடம், ஓரமாகத் தொங்கும் அந்தக் கூடைகளையும் சேர்த்துப் போடச் சொன்னேன். தவறுதலாக விறகோடு போய்விட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த மூன்று செடிகள் மட்டும் தப்பின. அந்த மூன்றுதான் பிறகு அவளுடைய ஜன்னலில் சட்டிகளில் வளர்ந்தன. அதில் ஒன்றைப் பிரித்துத்தான் உனக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, பழகிய செடியைப் பார்த்தால் அவளுக்கு ஏதாவது திரும்பி வருமோ என்று ஒரு நப்பாசை. டிரைவரிடம் சொல்லி மூன்று சட்டியையும் கீழே கொண்டுவரச் செய்தேன். மூன்றிலும் மொட்டுத் தண்டு நீண்டிருந்தது. மேலே குளிரில் இருந்த செடியை, மொட்டோடு, கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கி, போடி வெயிலில் இறக்கினேன். அதோடு விட்டேனா? அதே லோடில் மலைவாழைத் தார் ஒன்று வந்தது. செங்காயாக இருந்தது, கனியட்டும் என்று செடி வைத்த அறையின் உத்தரத்திலேயே நான்தான் கட்டித் தொங்கவிட்டேன். நான்காம் நாள் பழம் கமகமவென்று கனிந்தது. ஐந்தாம் நாள் முதல் சட்டியில் இருந்த ஒன்பது மொட்டும் விழுந்து கிடந்தன. கனியும் பழம் ஒரு வாயுவை விடும், அது பட்டால் இலையும் மொட்டும் உதிரும் என்று கல்லூரிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆகையால் உன் அறையில் ஆப்பிள், வாழைப்பழம் எதையும் வைக்காதே. இதை மட்டும் நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை.

தாரை அவிழ்த்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இரண்டு சட்டி. அவற்றைக் கிழக்கு அறை ஜன்னலில் வைத்தேன். உன் அம்மா படுத்திருந்தது நடு அறையில். தினமும் காலையில் கஞ்சி ஊட்டியதும் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே பிடிப்பேன். "பாரு, இன்னும் ஆறு இருக்கு" என்பேன். மெதுவாகச் சுற்றிக் காட்டுவேன். அவள் ஒரு கணம் பார்ப்பாள், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தக் கழுத்து திரும்புவதற்கே அவள் படுகிற பாடு எனக்குத் தெரியும். அவ்வளவு பாடுபட்டு என்னிடமிருந்து திரும்புகிறாள். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைக் கேட்டவள், திரும்பத்தான் செய்வாள் என்று சட்டியைக் கொண்டுபோய் ஜன்னலில் வைப்பேன். மறுநாளும் கொண்டுவருவேன். இரண்டு நாளைக்கு ஒரு மொட்டு மஞ்சளாகியது. விழுந்த மொட்டை அவள் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.

முந்தாநாள் சின்னத்தாயி மலையிலிருந்து இறங்கி வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "ஏன் மொதலாளி, அக்காவ இப்பிடிச் சொவத்தப் பாக்கப் போட்டு வச்சிருக்கீக?"

"நான் போடல. அவளேதான் திரும்பிக்கிறா. என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல."

"ஆமா, இருவத்தெட்டு வருசமாப் பாத்த மூஞ்சி இன்னைக்குத்தான் பிடிக்காமப் போச்சாக்கும். பிடிக்காதுன்னா அது மொத வருசமே பிடிக்காமப் போயிருக்குமே" என்று சிரித்துக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "யக்கா, நான் சின்னத்தாயி. ஒங்க ஸ்டோரு அப்பிடியே இருக்கு. புதுசா வந்த பிள்ளைக காயப் பொறுக்கச் சொன்னா கதையப் பொறுக்குதுக." உன் அம்மாவின் வாய் கோணியது. அது சிரிப்புத்தான் என்று சின்னத்தாயி சத்தியம் செய்தாள். நான் நாற்பது நாளில் பார்க்காத ஒன்று.

அந்தச் சந்தோஷத்தில் நான் வழக்கம்போலச் சட்டியைத் தூக்கி வந்தேன். உன் அம்மா முகத்தைத் திருப்பினாள். சின்னத்தாயி பதறி எழுந்தாள். "அய்யய்யோ, என்ன மொதலாளி இது! எங்கிட்டிருந்து தூக்கியாந்தீக? மொட்டு விட்ட சட்டியத் தூக்கிட்டுத் திரியிறீக?"

"அவ பாக்கட்டுமேன்னுதான்."

"எப்பிடிப் பாப்பாக? அக்கா மொட்டு வந்துருச்சுன்னா எங்களையெல்லாம் கிட்டவே விட மாட்டாகளே. தண்ணி ஊத்தத் தூக்குனாலும் எடுத்த எடத்துல எடுத்த மாதிரியே வைக்கணும். அதுக்குத்தான பொட்டு வச்சிருப்பாக. பொட்டு சன்னலப் பாத்து இருக்கணும், ஒரு விரக்கட திரும்பக் கூடாது." சட்டியைச் சுற்றிப் பார்த்தாள். "பொட்டு எங்க?"

சட்டிகளின் வயிற்றில் சுண்ணாம்பில் ஒரு பொட்டு இருக்கும், நீயும் பார்த்திருப்பாய். கண் திருஷ்டிக்கு வைத்தது என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். புதுப் பானைக்கும், பூசணிக்கும், கட்டுகிற வீட்டுக்கும் நம் ஊரில் வைப்பதில்லையா, அப்படி. "செடிக்குமா கண்ணு படும்? ஒன்னையக் கட்டிக்கிட்டு நான் படிச்சதெல்லாம் வீண்" என்று ஒரு முறை கேலி செய்தேன். அவள் சிரித்துக்கொண்டாள். வெளிச்சம் வரும் திசையைப் பார்த்து மொட்டு தன் கழுத்தை வைத்துக்கொள்ளும். திருப்பினால் மறுபடி திரும்பப் பார்க்கும். இரண்டு மூன்று தடவை திருப்பினால் வேண்டாம் என்று உதிர்ந்துவிடும். அவளுக்கு இதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நின்று பார்த்திருப்பாள். சட்டிகள் மலையிலிருந்து வந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் இருக்கும் வீடு, சுத்தமாக இருக்கட்டும் என்று நான் தேங்காய் நாரால் மூன்றையும் தேய்த்துக் கழுவினேன். பொட்டு போய்விட்டது. எந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்திருந்தது என்று இப்போது சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

சின்னத்தாயி சட்டியை என் கையிலிருந்து வாங்கி, தண்டின் சாய்வைப் பார்த்து உத்தேசமாக ஜன்னலில் வைத்தாள். பிறகு திரும்பி வந்து, "அப்புவுக்கு லீவு இன்னுமா கெடைக்கல? அந்தப் பிள்ள அப்பிடிப்பட்ட பிள்ள இல்லையே" என்றாள். உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள் அவள். "நான் அவனுக்குச் சொல்லவே இல்ல, சின்னத்தாயி" என்றேன். இதை ஏன் உன் பெரியப்பாவிடம் சொல்ல முடியாமல் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. வெற்றிலையை மடித்தவள் வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "இத அக்காகிட்டச் சொல்லிட்டீகளா?" என்றாள். "அவளுக்குத் தெரியும்." "தெரியுறது வேற மொதலாளி. சொல்றது வேற." ஜீப்புக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரையும் அவர் தம்பியையும் கூப்பிட்டு, கட்டிலை உன் அம்மாவோடு சேர்த்துத் தூக்கிக் கிழக்கு அறைக்குக் கொண்டுபோனோம். நிலை குறுகல், கட்டில் கால் இடித்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். செடியை அவளிடம் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியதே தவிர, அவளைச் செடியிடம் கொண்டுபோகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாடைக்காற்று படாமல் ஜன்னலின் கீழ்க் கதவை மட்டும் சாத்தினேன். இப்போது இரண்டு சட்டியும் சேர்த்து மூன்று மொட்டு இருக்கிறது. அதில் ஒன்று நுனியில் வெளுத்திருக்கிறது, நாளைக்குத் தெரியும். அவள் சுவரைப் பார்ப்பதில்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். சட்டிக்கு அப்பால் ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் மொட்டைப் பார்க்கிறாளா, அதற்குப் பின்னால் என்னைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. முகம் திருப்பியது சட்டிக்காகத்தானா, பொய்க்காகவுமா என்பதும் தெரியவில்லை. நேற்றுக் காலை அவளிடம் சொன்னேன். "அப்புவுக்கு நான் எழுதல. லீவு கெடைக்கலன்னு சொன்னது பொய்யி. அவனுக்கு ஒன்னுமே தெரியாது." அவளுடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்கும்படி பிடித்தது. கோபமாக இருக்கலாம். எழுது என்று சொன்னதாகவும் இருக்கலாம். நான் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆகவே மகனே, உன் சட்டியில் சுண்ணாம்புப் பொட்டு இருந்தால் அழித்துவிடாதே, அதை வெளிச்சத்தைப் பார்த்து வை. அழிந்துபோயிருந்தால், மொட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதை ஜன்னல் பக்கமாக வைத்துவிட்டு அதன்பின் கை வைக்காதே. அழகு பார்க்க மேஜைக்குக் கொண்டுவராதே, வந்தவர்களுக்குக் காட்டத் தூக்காதே. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதில் பாதி உன் அம்மாவுடையது, மீதி நான் கெடுத்துக் கற்றுக்கொண்டது. இதையெல்லாம் செய்தாலும் மொட்டு நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

கடிதத்தை மடித்ததும் தபால் ஆபீசுக்குப் போகிறேன். இதைப் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே போய்த் தந்தியும் கொடுக்கப்போகிறேன். அம்மா கவலைக்கிடம், உடனே வா என்று மட்டும் இருக்கும். அதில் வேறு எதற்கும் இடமில்லை. அதைத்தான் நாற்பத்தொரு நாளுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும். தந்தி நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும், இந்தக் கடிதம் வந்துசேர ஐந்தாறு நாளாகும். அதற்குள் நீ கிளம்பியிருப்பாய் என்று நினைக்கிறேன். மொட்டோடு இருக்கிற செடியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று நிற்காதே. அது உதிர்ந்தால் உதிரட்டும், பூட்டிக்கொண்டு வா. பெரியப்பாவிடமும் சித்தியிடமும் நீ எதுவும் சொல்ல வேண்டாம். போடி ஸ்டேஷனில் நான் நிற்பேன். உன்னை முதலில் ராசிங்காபுரத்துக்குக் கூட்டிப்போய், சித்தியையும் அங்கே வரவழைத்து, அவர்கள் முன்னால் நானே சொல்கிறேன், இல்லை, முதலில் அம்மாவைப் பார், அப்புறம் போகலாம். நான் இவ்வளவு எழுதியதையும் நீ படிக்காமலே போனாலும் எனக்கு வருத்தமில்லை. தபால்காரர் இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போக, உள்ளே எடுக்க ஆளில்லாமல் இது அங்கேயே கிடக்க வேண்டும்.